ஆடி பிறக்கமுன் வைத்த நிலை

போர்கோ வெக்கியோ, பலெர்மோ, இத்தாலி
12 மே 2024

அன்பின் மலர்,

போனில் இனிக் கதைப்பதில்லை, எழுதித்தான் கதைப்பது என்று நீர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். போன ஞாயிறு நான் கத்தியது எனக்கே கேட்கக் கூடாமல் இருந்தது. நீரும் குறைவாகக் கத்தவில்லை. இடையில் பிள்ளை நிரோசினி போனை வாங்கி, "ரெண்டு பேரும் வையுங்கோ" என்று சொன்னாளே, அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறேன். தபாலை நம்பினால் பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இருவரையும் இங்கே எடுப்பதற்குச் சம்பளக் கடுதாசி சரி, இங்கே இருக்கத் தந்த என் பெர்மெசோ சரி. வீடுதான் இடிக்கிறது. ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. நகரசபையிலிருந்து வந்து அளந்துவிட்டு, இது இரண்டு பேருக்குக் காணும், மூன்று பேருக்குக் காணாது என்று எழுதித் தந்துவிட்டார்கள். செப்டம்பர் இருபத்திரண்டில் பிள்ளைக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்கு முதல் விண்ணப்பம் உள்ளே போகாவிட்டால், பிறகு அவளை என் பிள்ளை என்று கூப்பிட வழியில்லை. வளர்ந்த ஆள், தன்பாட்டில் வரட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அதனால்தான் மொட்டைமாடியைப் பற்றி அன்று சொல்ல வந்தேன், நீர் சொல்ல விடவில்லை. குசினிக் கதவைத் திறந்தால் மாடி. அதை இரும்பும் கண்ணாடியும் வைத்து அடைத்து, குசினியை அதற்குள் கொண்டுபோனால் பழைய குசினி ஒரு படுக்கையறை ஆகிவிடும். பலெர்மோவில் பாதிச் சனம் இப்படிக் கண்ணாடிக்குள் நின்றுதான் சமைக்கிறது. அதிலும் பாதி, அனுமதி எடுக்காத சனம். எனக்கு அனுமதி கட்டாயம் வேண்டும். அனுமதி இல்லாத அறையை ஒருவரும் வந்து அளக்க மாட்டார்கள். வரைபடம் கீறி நகரசபைக் கந்தோருக்குக் கொடுக்க ஒரு ஜியோமெத்ராவைப் பிடித்திருக்கிறேன். கட்டடம் பழையது என்பதால் பழைய கட்டடங்களைப் பார்க்கிற கந்தோரும் சம்மதம் எழுத வேண்டுமாம்.

இங்கே என்னோடு பழகுகிற பெனடிக்ற் தன்னுடைய வீட்டில் நீங்கள் இருப்பீர்கள் என்று எழுதித் தருகிறேன் என்றான். கால்சாவில் அவனுக்கு மூன்று அறை. நான் வேண்டாம் என்றேன். பதினொரு வருஷம் மற்றவர்களின் வீட்டைக் கூட்டித் துடைத்து வாங்கிய வீடு எனக்கு இருக்கிறது. என் மனைவியும் பிள்ளையும் இன்னொருவன் விலாசத்தில் வந்து இறங்கத் தேவையில்லை.

அன்புடன்,
அருளம்பலம்


இணுவில்
19 மே 2024

அன்பின் அத்தான்,

கடிதத்தில் கத்த முடியாது என்றுதான் எழுதச் சொன்னேன். உங்கள் கடைசி வரிகளை வாசித்தபோது கடிதத்திலும் கத்தலாம் என்று தெரிந்தது.

பெனடிக்ற் அண்ணை பழகிய மனிதர். அவர் தருகிறேன் என்றதை ஏன் தட்டினீர்கள்? கௌரவத்தை உலையில் போட்டு வேகவைத்துச் சாப்பிட முடியாது. எங்களுக்கு வேண்டியது மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழ் இருப்பது. அது யாருடைய கூரை என்று நான் கேட்டேனா? வாடகைக்கு ஒரு பெரிய வீடு எடுத்தாலும் காணுமே.

சரி, நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். இனி நான் என்ன சொன்னாலும் அது உங்கள் காதில் ஏறாது. கண்ணாடி அறை எந்தத் திசை பார்க்கும் என்று எழுதுங்கள். அடுப்பு எந்த மூலையில் வரும் என்றும் எழுதுங்கள்.

நிரோசினி யூரியூப்பில் இத்தாலி பாஷை படிக்கிறாள். ஆட்டுக்குட்டிக்கும் இத்தாலி பாஷையில் பேசித்தான் சாப்பாடு போடுகிறாள். உயர்தரப் பரீட்சைக்கு ரியூசன் போகச் சொன்னால், "எப்பிடியும் போகப்போறம்தானே அம்மா" என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. பிழையோ சரியோ தெரியவில்லை.

செல்வமலர்


பலெர்மோ
21 ஜூன் 2024

அன்பின் மலர்,

மாடிக்கான விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. ஜியோமெத்ரா நல்ல மனிதர், ஆனால் ஒரு கோப்பிக் கடையைக் கடந்து அவரால் நேரே போக முடியாது. மாடி கிழக்குப் பார்த்தது. காலை வெயில் துறைமுகப் பக்கமிருந்து வந்து அடிக்கும். அடுப்பு தென்கிழக்கு மூலைதான், நீர் கவலைப்பட வேண்டாம்.

வாடகை வீடு பார்க்காமல் இல்லை. கடுதாசி எழுதாமல் தருகிறேன் என்கிறார்கள், அது எங்களுக்கு உதவாது. கடுதாசியோடு தருகிறவர்கள் போனில் ஓம் என்கிறார்கள், நேரில் என் முகத்தைக் கண்டதும் வீடு போய்விட்டது என்கிறார்கள்.

சம்மதம் ஜூலைக் கடைசிக்குள் வரும் என்று ஜியோமெத்ரா சொல்கிறார். "அது வரும்வரை ஒரு ஆணியும் அடிக்காதே, அருள்" என்று இரண்டு தரம் சொன்னார். இரும்பு வேலைக்காரன் தோத்தோ வேறு கதை சொல்கிறான். ஆகஸ்ட் பிறந்தால் அவன் லீவில் கடலுக்குப் போய்விடுவானாம், கடைசிக் கிழமைதான் திரும்புவானாம். அதற்குப் பிறகு தொடங்கி முடித்து, நகரசபை வந்து அளந்து, அதன் பிறகு விண்ணப்பம். இழுபறியாகத்தான் இருக்கும். இருந்தாலும் முடியும் என்று நினைக்கிறேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சும்மாவா சொன்னார்கள்.

அருளம்பலம்


இணுவில்
28 ஜூன் 2024

அன்பின் அத்தான்,

பூமி ஆள வேண்டாம், ஒரு அறை காணும்.

உங்கள் கடிதம் கண்டதும் சாத்திரியாரிடம் போனேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். பிள்ளையின் சாதகத்தையும் உங்கள் சாதகத்தையும் வைத்துப் பார்த்தார். "ஆடி பிறக்கமுன் நிலை வைச்சால் பிள்ளை கடல் கடக்கும். ஆடி தாண்டினால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார். நான் காரணம் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

அங்கே ஆகஸ்ட் என்றால் சனம் வேலை செய்யாது, இங்கே ஆடி என்றால் நல்ல காரியம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பிள்ளையின் வயது ஓடுகிறது. ஆனி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, நல்ல நாள். உங்கள் ஜூலை பன்னிரண்டு. முழு வேலையும் செய்யச் சொல்லவில்லை. இரும்பு நிலையை மட்டும் நிறுத்தி, ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி விட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் கடுதாசி வரத்தானே போகிறது. இரண்டு கிழமைக்கு ஒரு நிலை நின்றால் யாருக்கு நட்டம்? மொட்டைமாடியில் நிற்பதை வானத்தால் போகிறவனா பார்க்கப்போகிறான்?

நேரம் காலை ஒன்பதரை. அது இங்கத்தை நேரம். சாத்திரியார் பார்த்தது இங்கத்தைச் சூரியனுக்கு. உங்களுக்கு விடியக்காலை ஆறு மணி வரும், எழும்பிச் செய்யுங்கள்.

பதினொரு வருஷம் நீங்கள் சொன்னபடி இருந்தேன். இது ஒன்றை நான் சொன்னபடி செய்யுங்கள்.

செல்வமலர்


பலெர்மோ
14 ஜூலை 2024

அன்பின் மலர்,

வெள்ளிக்கிழமை நிலை வைத்தாயிற்று. சொன்ன நேரத்துக்குத்தான். தேங்காய் சரி பாதியாக உடைந்தது.

ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. சரிக்கட்டிக்கொண்டு இருக்கிறேன். வேலை கூடவாக இருப்பதால் அதிகம் எழுதவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அருளம்பலம்


இணுவில்
17 ஜூலை 2024

நிரோசினியின் அப்பாவுக்கு,

பிள்ளைக்குச் சொல்ல வேண்டாத சின்னப் பிரச்சினை எது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். நேற்றுப் பெனடிக்ற் அண்ணையின் மனைவி எமிலியானா போன் எடுத்து, "அக்கா, நெருப்பிலை ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை, கடவுள் காப்பாத்தினார்" என்று ஆறுதல் சொன்னா. எந்த நெருப்பு என்று நான் கேட்டேன். அவ பேச்சை மாற்றிவிட்டா.

ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

செல்வமலர்


பலெர்மோ
20 ஜூலை 2024

மலர்,

எழுதுகிறேன்.

தோத்தோ வியாழக்கிழமையே இரும்புகளைக் கொண்டுவந்து, நாலு தூணும் கதவு நிலையும் பொருத்தி வைத்துவிட்டான். கடைசி ஆணியைக் காலையில் அடிப்பது என்று ஏற்பாடு. விடிய ஆறு மணிக்கு நானும் பெனடிக்ற்றும் மேலே போனோம். அவன் வேதக்காரன், என்றாலும் எனக்காகக் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றான். "யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு இஞ்சை ஏன் அண்ணை நாங்கள் நித்திரை முறிக்கிறம்?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

கடல் காற்று ஒன்று வந்தது. இரும்பைச் சுற்றிவந்த காட்போட்டும் பிளாஸ்ரிக்கும் பக்கத்தில் கிடந்தன. பற்றிக்கொண்டது. பெரிய நெருப்பு இல்லை, ஆனால் கரும்புகை. நாங்கள் மிதித்தும் தண்ணீர் ஊற்றியும் அணைத்துவிட்டோம். ஆனால் அதற்குள் தரைமாடி வீட்டுச் சின்யோரா அசுந்தா புகையைக் கண்டு தீயணைப்புக்குப் போன் பண்ணிவிட்டா. போன் பண்ணிவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. எழுபத்தாறு வயது மனுசி, இரவுச் சட்டையோடு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தா. என்னைக் காப்பாற்றத்தான் வந்தா. அவவை ஏசக்கூட எனக்கு வழியில்லை.

தீயணைப்பு வண்டி ஒழுங்கைக்குள் வந்ததால் தெருவை மறிக்க நகரசபைப் பொலிசும் வந்தது. நெருப்பு அணைந்திருந்தது. பொலிஸ்காரன் நெருப்பைப் பார்க்கவில்லை, தூணைத் தட்டிப் பார்த்தான். "அனுமதி எங்கே?" என்றான். "வருகுது" என்றேன். "வரமுன் ஏன் நிற்குது?" என்றான். மலர், அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆடி பிறக்கப்போகிறது என்றா? அதையும்தான் சொன்னேன். அவன் எழுதிக்கொள்ளவில்லை.

மாடிக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். களவாகத் தொடங்கிய வேலை என்று எழுதிவிட்டார்கள். ஜியோமெத்ரா என்னுடைய முகத்தைப் பார்க்காமலே, "ரெண்டு கிழமை பொறுக்க ஏலாமல் போச்சா?" என்று கேட்டார்.

இதையும் கேளும். நேற்றுப் பழைய கட்டடக் கந்தோரின் சம்மதம் வந்தது. ஓம் என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து வைத்த தேதி ஜூலை பதினாறு, உம்முடைய ஆடி முதலாம் தேதி. வேலை எதுவும் தொடங்கப்படாமல் இருந்தால் மட்டும் செல்லும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அது இனிச் செல்லாது.

உம்முடைய சாத்திரியாரிடம் போய்ச் சொல்லும்.

அருளம்பலம்


இணுவில்
23 ஜூலை 2024

நிரோசினியின் அப்பாவுக்கு,

சாத்திரியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் கேட்டுப் போனவள் நான்தான், உங்களை எழுப்பிவிட்டவளும் நான்தான். அந்தப் பழியை நான் ஏற்கிறேன். நீங்கள் எழுதி முடித்த விதத்தில் அதை என் தலையில் வைத்தால் உங்கள் தலை இலேசாகும் என்று தெரிகிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காட்போட்டுக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்தச் சொல்லிச் சாத்திரியார் சொல்லவில்லை. மே மாதம் பெனடிக்ற் அண்ணை கையை நீட்டினபோது தட்டிவிடச் சொல்லியும் சொல்லவில்லை. அன்று வாங்கியிருந்தால் இப்போது பிள்ளையின் கடுதாசி தூதரகத்தில் இருந்திருக்கும். உங்களுக்கு உங்கள் வீடு பெரிது. என்ர பிள்ளை அதுக்குப் பிறகுதான்.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போய் அவரிடம் கேளுங்கள். காலில் விழ வேண்டுமென்றால் விழுங்கள். அவர் வீட்டில் எழுதி அனுப்புங்கள், நான் வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். ஆட்டுக்குக் குழை வெட்டப் போனவள் அழுத கண்ணோடு திரும்பி வந்தாள்.

செல்வமலர்


பலெர்மோ
25 ஆகஸ்ட் 2024

மலர்,

நீர் எழுதாமல் இருப்பது ஒரு மாதமாகிறது. நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நல்ல செய்தி ஒன்று கிடைக்கட்டும் என்று பார்த்ததுதான். கிடைக்கவில்லை.

உம்முடைய கடிதம் கண்ட அன்றே பெனடிக்ற்றிடம் போனேன். கதவைத் திறந்தவன் என் முகத்தைக் கண்டே விளங்கிக்கொண்டான். மேசையில் இருத்தி, எமிலியானா தேத்தண்ணி தந்த பிறகுதான் சொன்னான். அவனுடைய மகன் ஜோசுவா ஜூனில் கலியாணம் முடித்துப் பெண்சாதியோடு அந்த வீட்டில்தான் பதிந்திருக்கிறான். அவளுக்கு இப்போது பிள்ளையும் வயிற்றில். வீட்டுக்குக் கணக்குச் சரி, இனி ஒரு ஆளுக்கும் இடமில்லை. "மே மாசம் ஓமெண்டிருந்தால் அண்ணை..." என்று தொடங்கினான், முடிக்கவில்லை. நல்லவன். முடித்திருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன். தெருவுக்கு வந்துதான் அழுதேன்.

பகேரியாவில் ஒரு வீடு பார்க்கப் போனேன், பழைய மாளிகை ஒன்றுக்குப் பின்னால். சொந்தக்காரன் கடுதாசி எழுதித் தருகிறேன் என்றான், என்னையும் பார்த்துத்தான் சொன்னான். ரெயினில் திரும்பி வரும்போது பிள்ளைக்கு எந்த அறை என்றுகூட நினைத்துவிட்டேன். அடுத்த நாள் போன் எடுத்து, மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், தர முடியாது என்றான். அவனுடைய மகள் வருகிறாள்.

ஜியோமெத்ரா சொல்கிறார், இரும்பைக் கழற்றி, பழையபடி ஆக்கி, அதை அவர்கள் வந்து பார்த்து, பிறகு புதிதாக விண்ணப்பம் போட வேண்டுமாம். ஆகஸ்டில் அதைப் பார்க்க ஆள் இல்லை. தோத்தோவும் கடலில். நான் தனியாக மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முத்திரை வைத்த இடத்தில் கை வைக்கக் கூடாது, பார்க்கலாம்.

என்னை ஏசியாவது எழுதும்.

அருளம்பலம்


பலெர்மோ
23 செப்டம்பர் 2024

அன்பின் மலர்,

நேற்றுப் பிறந்தநாளுக்குப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். "தாங்ஸ் அப்பா" என்றாள். வேலைக்குப் போனீங்களா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன். பிறகு அவளுக்கும் எனக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

நாள் போய்விட்டது. முத்திரையை எடுப்பித்து இரும்பைப் போன கிழமை கழற்றியாயிற்று. சின்யோரா அசுந்தா கதவில் நின்று, தூண்கள் படியால் இறங்குவதைப் பார்த்துச் சிலுவை போட்டா. தன்னால்தான் இது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறா. நான் வாங்கிச் சாப்பிடுகிறேன்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கோபப்படாமல் வாசியும். இந்த வீடு இரண்டு பேருக்குக் காணும் என்று கடுதாசி இருக்கிறது. மனைவிக்கு வயதுக் கட்டுப்பாடு இல்லை. நாளைக்கே விண்ணப்பம் போட்டால் வருஷம் திரும்ப முன் நீர் இங்கே வரலாம். பிள்ளையை உம்முடைய தங்கச்சி சிவமலரோடு விடலாம். பிறகு படிப்பு விசாவோ ஏதோ ஒன்றில் எடுக்கப் பார்ப்போம். பெரிய பிள்ளைதானே.

எனக்கு ஐம்பத்திநாலு வயது, மலர். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளும்.

அருளம்பலம்


இணுவில்
6 ஒக்டோபர் 2024

அன்பின் அத்தான்,

உங்கள் கடிதத்தை வாசித்துக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது, எழுதுவது சுகம். இரண்டு கிழமை சமைத்தேன், துவைத்தேன், கோயிலுக்குப் போனேன். போவதா விடுவதா என்று ஒருவரையும் கேட்கவில்லை. சாத்திரியாரிடமும் போகவில்லை.

பிறகு பிள்ளையிடமே கேட்டேன். மறைத்து என்ன. அவள் வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் தந்தாள்.

"நீங்கள் போங்கோ அம்மா. நான் சித்தியோடை இருப்பன்."

"உனக்குக் கவலை இல்லையோ?" என்றேன்.

"என்னத்துக்கு? எனக்கு அப்பாவைத் தெரியாதே. ஏழு வயசிலை போனவர். பன்னிரண்டு வயசிலை ஒருக்கா வந்து சொக்கிலேற் தந்தவர். அண்டைக்கு நான் அழுதது அந்த வீட்டை நினைச்சில்லை. நீங்கள் ஏமாந்துபோவீங்கள் எண்டுதான் அழுதனான்."

இதை அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள். கோபத்தில் சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். உங்களை நோகடிக்க எழுதவில்லை. இத்தனை மாதம் நீங்களும் நானும் சதுர மீற்றரைப் பற்றித்தான் கதைத்தோம். அந்த அறைக்குள் இருக்கப்போகிறவள் உங்களை அறிவாளா என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அத்தான், நான் வரமாட்டேன். இது உங்களுக்குத் தண்டனை இல்லை. தகப்பனைத் தெரியாமல் வளர்ந்தவளைத் தாயும் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்ல வேண்டாம். அவளுடைய படிப்பை நான்தான் கவனிக்காமல் விட்டேன். தை மாதம் திரும்பத் தொடங்குகிறாள். அவளுக்கு ஒரு வழி பிறந்த பிறகு, நான் வருவதா, நீங்கள் வருவதா என்று பார்ப்போம். அதற்குள் எங்கள் இருவருக்கும் எத்தனை வயதாகும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்க வேண்டாம். உங்கள் மேல் எனக்கு ஆசை இல்லாமல் போகவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

விண்ணப்பத்தைப் போட வேண்டாம். சின்யோராவிடம் சாப்பாட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதேங்கோ, ஏதாவது வைத்துக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த கடிதம் எனக்கு வேண்டாம். நிரோசினிக்கு எழுதுங்கள். படம் எடுத்து என் போனுக்கு அனுப்பாமல் தபாலில் போடுங்கள், அவள் பெயருக்கு. எத்தனை கிழமை எடுத்தாலும் பரவாயில்லை. அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, வந்தால் நான் உடைத்துப் பார்க்க மாட்டேன். எடுத்த எடுப்பில் படி, கவனமாக இரு என்று புத்தி சொல்லாதேங்கோ. முதலில் நீங்கள் யார் என்று எழுதுங்கள்.

செல்வமலர்